மாதாமாதம் 'மினிமம்' கட்டியும் கடன் ஏன் குறையவில்லை? கிரெடிட் கார்டு சிக்கலும் வெளியே வரும் வழிகளும்

வாடகை போய், வண்டி டியூ போய், வீட்டுக்கு அனுப்பியது போக, கணக்கில் எட்டாயிரம் ரூபாய் மிச்சம் இருக்கும் நேரம் பார்த்து அந்த எஸ்.எம்.எஸ். வரும். மொத்த பாக்கி 1,00,000 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 5,000 ரூபாய். ஆப்பைத் திறந்தால் இரண்டும் அடுத்தடுத்து இரண்டு பட்டன்களாக நிற்கும். அந்த நிலையில் இருப்பவர் எந்தப் பட்டனைத் தொடுவார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

5,000 கட்டியாச்சு. லேட் ஃபீ கிடையாது, சிபில் ரிப்போர்ட்டில் தவணை தவறியதாகப் பதிவாகாது, யாரும் போன் செய்து தொந்தரவு செய்ய மாட்டார்கள். எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

கிரெடிட் கார்டு கடன் சிக்கல் என்றாலே தவணை தவறியவர், ரெக்கவரி ஏஜென்ட், வக்கீல் நோட்டீஸ் என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். அதெல்லாம் கடைசிக் கட்டம். ஒரு தேதிகூட தவறாமல் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சிக்கியிருக்கலாம், அதுவும் வருடக்கணக்கில். அந்தக் கட்டத்தில் வெளியிலிருந்து யாரும் எச்சரிக்க மாட்டார்கள். அவராகக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தியாவில் புழக்கத்தில் உள்ள கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்திலேயே 10 கோடியைத் தாண்டிவிட்டது. முதல் வேலை, முதல் சம்பளக் கணக்கு, கூடவே 'ப்ரீ அப்ரூவ்டு' கார்டு என்பது இப்போது சாதாரணம். 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யுடன் இணைக்கவும் முடிகிறது. முன்பெல்லாம் பெரிய கடையில் தேய்க்கும்போது மட்டும் வெளியே வந்த கார்டு, இன்று பல டீக்கடை க்யூ.ஆர். ஸ்கேனிலும் போகிறது. செலவு செய்கிற கைக்கு அது சேமிப்புக் கணக்கா, கடன் கணக்கா என்ற வித்தியாசமே தெரிவதில்லை.

5,000 கட்டினால் கழிவது 870

பெரும்பாலான கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் அல்லது அதற்குச் சற்று மேலே. ஆண்டுக் கணக்கில் 42 சதவீதம். ஊரில் 'ரெண்டு வட்டி', 'மூணு வட்டி' என்று சொல்வார்களே, அந்தக் கணக்கில் இது நூற்றுக்கு மூன்றரை வட்டி. மூணு வட்டிக்கு வாங்கியதைச் சொல்லவே சங்கடப்படுகிற வீடுகளில்கூட, மூன்றரை வட்டிக் கடன் ஒரு பளபளப்பான அட்டையாகப் பர்ஸில் இருக்கிறது.

1,00,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாத வட்டி 3,500 ரூபாய். கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. மற்ற கடன்களின் வட்டிக்கு இந்த வரி கிடையாது, கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு என்பது பலரும் கவனிக்காத விஷயம். அது 630 ரூபாய். ஆக 4,130 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய்விடுகிறது. நாளுக்குச் சுமார் 138 ரூபாய். கட்டிய 5,000 ரூபாயில் அசலில் கழிவது வெறும் 870 ரூபாய்.

இதையே 12 மாதத்துக்கு நீட்டிப் பார்க்கலாம். கார்டைப் புதிதாக ஒரு முறைகூடத் தேய்க்கவில்லை, மாதம் தவறாமல் பாக்கியில் 5 சதவீதம் கட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருடத்தில் அவர் கட்டியிருப்பது சுமார் 57,000 ரூபாய். அசல் குறைந்திருப்பது சுமார் 10,000 ரூபாய். இன்னும் 90,000 ரூபாய் பாக்கி நிற்கும். வங்கிக்கு வங்கி வட்டியும் கணக்கிடும் முறையும் கொஞ்சம் மாறலாம். ஆனால் படம் இதுதான்.

பாக்கி குறையக் குறைய மினிமம் தொகையும் குறைந்துகொண்டே போவது இன்னொரு சிக்கல். 5,000 என்பது 4,800 ஆகும், 4,500 ஆகும். கட்டுபவருக்குச் சுமை குறைகிற மாதிரி இருக்கும். உண்மையில் கடன் முடியும் நாள்தான் தள்ளிப் போகிறது. குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீளும், கூட்டு வட்டி ஏறும் என்று ஸ்டேட்மென்ட்டில் எச்சரிக்கை போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எல்லா ஸ்டேட்மென்ட்டிலும் அது இருக்கிறது. பி.டி.எஃப்.பைத் திறந்து படிப்பவர்கள்தான் குறைவு.

ரிவார்டு பாயின்ட்டுகளையும் இந்த இடத்திலேயே பார்த்துவிடலாம். நூற்றுக்கு ஒரு ரூபாய் மதிப்புள்ள பாயின்ட் தரும் கார்டில் ஒரு லட்சம் செலவழித்தால் கிடைப்பது 1,000 ரூபாய். அதே ஒரு லட்சத்தை ஒரு மாதம் பாக்கி வைத்தால் போவது 4,130 ரூபாய். முழுத் தொகையையும் கட்டுபவருக்குத்தான் பாயின்ட் லாபம்.

பாக்கி இருந்தால் டீக்கும் வட்டி

'45 நாள் வட்டி இல்லை' என்பதுதான் கார்டின் பெரிய கவர்ச்சி. அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. போன மாத பில்லை முழுதாகக் கட்டியிருந்தால்தான் அந்தச் சலுகை. கொஞ்சம் பாக்கி வைத்தாலும் சலுகை போய்விடும். அதன்பிறகு வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும், வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். இன்று போட்ட பெட்ரோல், நாளைக்கு ஸ்கேன் செய்த டீ, எல்லாவற்றுக்கும்.

அதனால்தான் மினிமம் கட்டிக்கொண்டே அதே கார்டில் மளிகை வாங்குபவரின் பாக்கி, முதலில் குறைவது போலக் காட்டி மறுபடி ஏறிக்கொண்டே போகிறது. அவர் வாங்கும் அரிசிக்கும் மூன்றரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பது இதைவிட மோசம். அதற்கு வட்டியில்லா நாளே கிடையாது, எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. பெரும்பாலான வங்கிகள் எடுத்த தொகையில் 2.5 சதவீதம் அல்லது குறைந்தபட்சம் 500 ரூபாய் கட்டணமும் போடுகின்றன. அவசரத்துக்கு 5,000 ரூபாய் எடுத்தால் ஜி.எஸ்.டி.யோடு 590 ரூபாய் முதல் நாளே போய்விடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் அடையாளம், கார்டில் என்ன வாங்குகிறோம் என்பதில் இருக்கிறது. போன், ஃப்ரிட்ஜ், விமான டிக்கெட் என்று எப்போதாவது வாங்கியவர், பால், மளிகை, கரண்ட் பில், பள்ளிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் கார்டையே நம்பத் தொடங்கினால், சம்பளம் மாதத்தை ஓட்டப் போதவில்லை என்று அர்த்தம். பாயின்ட்டுக்காக எல்லாவற்றையும் கார்டில் போட்டு, மாதக் கடைசியில் முழுதாகக் கட்டுபவர் வேறு. கையில் காசு இல்லாததால் கார்டில் போடுபவர் வேறு. ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது, மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்டால் சட்டென்று சொல்ல முடியாமல் போவது. இரண்டு கார்டு, ஒரு 'பை நவ் பே லேட்டர்' ஆப், கடையில் போட்ட போன் இ.எம்.ஐ. என்று நாலு இடத்தில் பிரிந்து கிடக்கும்போது, ஒவ்வொன்றும் சின்னத் தொகையாகத் தெரியும். கூட்டிப் பார்க்கவே ஒரு பயம். ஆட்டோ பே வசதியில் 'மினிமம் ட்யூ' என்று ஒரு முறை டிக் செய்துவிட்டு அப்படியே விட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறைய. பணம் தானாகப் போகிறது, அதனால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்ற நினைப்பு.

மூன்றாவதுதான் பெரியது: ரொட்டேஷன். ஒரு கார்டின் பில்லைக் கட்ட இன்னொரு கார்டிலிருந்து பணம் புரட்டுவது. தெரிந்த கடையில் மெஷினில் தேய்த்து, நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் கமிஷன் கொடுத்துக் காசாக வாங்குவார்கள். வாடகை என்று காட்டி நண்பரின் கணக்குக்கு அனுப்பித் திரும்ப வாங்குவார்கள். இது கார்டு விதிமுறைக்கு எதிரானது, வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கலாம் என்பது ஒருபுறம். 50,000 ரூபாயை மாதாமாதம் இரண்டரை சதவீதக் கமிஷனில் சுற்றிவிட்டால் வருடத்துக்கு 15,000 ரூபாய் கமிஷனாகவே போகும். அசல் அப்படியே 50,000 நிற்கும். 'ரொட்டேஷன்ல ஓடிட்டு இருக்கு, பிரச்னை இல்ல' என்று சொல்பவருக்குப் பிரச்னை எப்போதோ தொடங்கிவிட்டது.

லிமிட்டை உயர்த்தித் தருகிறோம் என்ற மெசேஜ் வந்ததும் நிம்மதிப் பெருமூச்சு விடுவதும் ஓர் அடையாளம்தான். கார்டுதாரரின் சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது என்று விதி இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இருக்கிறது.

கார்டு கடனுக்கு இன்னொரு குணம் உண்டு. நகையை அடகு வைத்தால் கழுத்தும் கையும் காலியாகத் தெரியும், பீரோவில் ரசீது இருக்கும், வீட்டில் யாராவது கேட்பார்கள். கைமாத்து வாங்கினால் கொடுத்தவர் தெருவில் பார்த்துக் கேட்பார். கார்டு கடன் வீட்டில் யார் கண்ணிலும் படாது. ஸ்டேட்மென்ட் ஒருவரின் மெயிலுக்கு வருகிறது, போனுக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது. கணவன் மனைவிக்கு இடையிலேயே இரண்டு மூன்று லட்ச ரூபாய் மறைந்து கிடக்க முடிகிறது. வீட்டில் சொல்லத் தயங்கும் அளவுக்குப் பாக்கி சேர்ந்துவிட்டது என்றால், அதைவிடத் தெளிவான அறிகுறி வேறு தேவையில்லை.

வெளியே வர: முதலில் ஒரு தாள்

எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுவதுதான் தொடக்கம். எந்தக் கார்டில் எவ்வளவு, வட்டி எத்தனை, எந்தத் தேதி. மறந்துபோன கடன்களும் தெரிய வேண்டும் என்றால் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நம் ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

அடுத்து, பாக்கி உள்ள கார்டில் செலவை நிறுத்துவது. யு.பி.ஐ. இணைப்பை எடுத்துவிடுவது, ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்த கார்டு விவரத்தை நீக்குவது, ஓ.டி.டி. சந்தா போன்ற தானியங்கிக் கட்டணங்களைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுவது. வங்கி ஆப்பிலேயே ஆன்லைன் பரிவர்த்தனையை 'ஆஃப்' செய்து வைக்கும் வசதியும் இருக்கிறது. கார்டைக் கத்தரியால் வெட்டினால் மட்டும் போதாது. நம்பர் நாலு ஆப்களில் உயிரோடு இருக்கும்.

பிறகு, மினிமம் என்ற எண்ணை மறந்துவிட்டு, தானே ஒரு நிலையான தொகையை முடிவு செய்வது. அதே ஒரு லட்சம் பாக்கிக்கு மாதம் 10,000 ரூபாய் என்று நிலையாகக் கட்டினால் சுமார் 14 மாதத்தில் முடிந்துவிடும். மினிமத்தை நம்பியவர் அந்த 14 மாதத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் தாண்டியிருப்பார்.

பல கார்டுகள் இருந்தால் எதை முதலில் முடிப்பது? வட்டி அதிகம் உள்ளதை முதலில் அடைக்க வேண்டும் என்பது கணக்குப்படி சரி. ஆனால் நடைமுறையில் எல்லாக் கார்டுகளின் வட்டியும் மூன்றரையைச் சுற்றியே இருப்பதால், இருப்பதிலேயே சின்ன பாக்கியை முதலில் முடித்துவிடுவது உதவும். ஒரு தேதி குறையும், ஒரு மினிமம் குறையும், அந்தப் பணம் அடுத்த கார்டுக்குப் போகும். மற்ற கார்டுகளுக்கு அதுவரை மினிமமாவது கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடனை அடைக்கக் கடன் வாங்கலாமா?

வாங்கலாம், வட்டி குறைகிறது என்றால் மட்டும்.

ஒரு லட்சம் கார்டு பாக்கியை, ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் ஒரு வருடத் தனிநபர் கடனாக மாற்றினால் மாதத் தவணை சுமார் 9,170 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 10,000 ரூபாய். அதே 9,170 ரூபாயை மாதாமாதம் கார்டிலேயே கட்டினால் முடிய 15 மாதம் ஆகும், வட்டியும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 35,000 ரூபாயைத் தாண்டும். ப்ராசஸிங் கட்டணத்தைக் கழித்தாலும் லாபம்தான்.

கார்டு கொடுத்த வங்கியிடமே பாக்கியை இ.எம்.ஐ.யாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலான வங்கி ஆப்களில் அந்த வசதி இருக்கிறது. வட்டி, ப்ராசஸிங் கட்டணம், மொத்தம் கட்ட வேண்டியது எவ்வளவு என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டியது வங்கியின் கடமை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இ.எம்.ஐ.யாக மாற்றியதும் அந்தத் தொகை மினிமம் ட்யூவுக்குள் முழுதாக வந்து சேரும். எனவே மினிமம் தொகை கூடும்.

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இருக்கும் இன்னொரு வழி நகைக்கடன். வங்கிகளில் ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டி வட்டி இருப்பதால், கார்டு வட்டியில் அது நாலில் ஒரு பங்குதான். நகையை வைக்க மனசு வராது என்பது உண்மை. ஆனால் பீரோவில் நகை தூங்க, பர்ஸில் மூன்றரை வட்டி ஓடுவது கணக்குக்குப் பொருந்தாது. அம்மா, அக்கா, மனைவி நகை என்றால் காரணத்தைச் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சு எப்படியும் ஒருநாள் பேச வேண்டியதுதான்.

இந்த வழிகள் எல்லாம் எந்த இடத்தில் தோற்கும் என்றால், கடனை மாற்றியதும் காலியான கார்டை மறுபடி தேய்க்கத் தொடங்கும்போது. அப்புறம் தனிநபர் கடனும் இருக்கும், கார்டு கடனும் இருக்கும். லிமிட்டைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிவிட்டு மாற்றுவது பாதுகாப்பு.

ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப்களின் பக்கம் இந்த நேரத்தில் போகவே கூடாது. ஒரு வாரத்துக்கு, பத்து நாளுக்குக் கடன் தந்து போனில் உள்ள தொடர்புகளையும் படங்களையும் எடுத்துக்கொள்ளும் சட்டவிரோத ஆப்களில் சிக்கியவர்களின் கதைகள் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் ஏராளம். அப்படி மாட்டியவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கலாம்.

கட்டவே முடியாத நிலை வந்தால்?

வேலை போய்விட்டது, வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு, மினிமம்கூட முடியவில்லை. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது போனை எடுக்காமல் இருப்பது. அதுதான் நிலைமையை மோசமாக்குகிறது.

கடைசித் தேதி தாண்டி 3 நாட்களுக்கு மேல் ஆனால்தான் லேட் ஃபீ போடவும், கிரெடிட் நிறுவனங்களுக்குத் தவறியதாகத் தெரிவிக்கவும் முடியும். 90 நாட்கள் வரை மினிமம்கூட வரவில்லை என்றால் அந்தக் கணக்கு வாராக்கடன் ஆகிறது. எனவே, இந்த 90 நாட்களுக்குள்ளேயே பேசிவிடுவது நல்லது. போனில் பேசுவதோடு நிறுத்தாமல், வேலை இழந்த கடிதம், மருத்துவ ரசீது போன்றவற்றை இணைத்து வங்கிக்கு மெயில் அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் மாதம் முடியும், இதற்கு ஏற்ப இ.எம்.ஐ. ஆக்கித் தாருங்கள் என்று தொகையைச் சொல்லிக் கேட்பது பலன் தரும். வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் எழுத்தில் கேட்டதற்கான சாட்சி பின்னால் உதவும்.

சம்பளக் கணக்கும் கார்டும் ஒரே வங்கியில் இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாக்கிக்காகச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பல வங்கிகள் தங்கள் விதிமுறைகளில் எழுதி வைத்திருக்கின்றன. வாடகைக்கு வைத்திருந்த பணம் காணாமல் போன பிறகு அதைத் தெரிந்துகொள்பவர்கள்தான் அதிகம்.

சில மாதங்கள் கழித்து வங்கியே 'செட்டில்மென்ட்' என்று வரும். 'ஒரு லட்சத்துக்கு ஐம்பதாயிரம் கட்டுங்க சார், முடிச்சிடலாம்' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பாதி கட்டி முடித்த கணக்கு கிரெடிட் ரிப்போர்ட்டில் 'க்ளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். அடுத்து வீட்டுக் கடனுக்கோ வண்டிக் கடனுக்கோ போகும்போது, இவர் முழுதாகக் கட்டாதவர் என்று அது பல வருடங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வேறு வழியே இல்லாதவருக்கு செட்டில்மென்ட் ஒரு நியாயமான வாசல். கஷ்டப்பட்டாவது இ.எம்.ஐ.யில் முடிக்கக் கூடியவருக்கு அது விலை உயர்ந்த தள்ளுபடி.

ஒப்புக்கொண்டால், வங்கியின் அதிகாரப்பூர்வ மெயில் முகவரியிலிருந்தோ லெட்டர்ஹெட்டிலோ கடிதம் வந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். அதுவும் கார்டு கணக்குக்கே. ஏஜென்ட்டின் ஜி-பே நம்பருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது.

வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில், அதாவது லோக் அதாலத்தில், பேசி முடிக்கும் வழியும் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச சட்ட உதவிக்கான எண் 15100.

'போலீஸ் வரும்' என்றால்?

வராது. கார்டு பாக்கியைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். வங்கி நீதிமன்றத்துக்குப் போகலாம், பணத்தை வசூலிக்க உத்தரவு வாங்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் 'அரெஸ்ட் வாரன்ட்' படங்கள் பெரும்பாலும் யாரோ கம்ப்யூட்டரில் தயாரித்தவை. விதிவிலக்குகளும் உண்டு. பாக்கிக்காகக் கொடுத்த செக் பவுன்ஸ் ஆனால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு பாயும். ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினாலும் 2007-ம் ஆண்டின் பேமென்ட் சட்டத்தில் அதற்கு இணையான பிரிவு இருக்கிறது. பொய் ஆவணம் கொடுத்துக் கார்டு வாங்கியிருந்தால் அது வேறு வழக்கு. எனவே ஏஜென்ட் கேட்டார் என்பதற்காகத் தேதி போடாத செக் கொடுப்பது ஆபத்து. நீதிமன்றத்திலிருந்து உண்மையான சம்மன் வந்தால் அலட்சியம் செய்யாமல் ஆஜராக வேண்டும்.

ரெக்கவரி ஏஜென்ட்டுகளுக்கு ரிசர்வ் வங்கி வரம்பு போட்டிருக்கிறது. 2022 ஆகஸ்ட்டில் வந்த உத்தரவுப்படி காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடனை வசூலிக்க அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, அசிங்கமாகப் பேசக் கூடாது, ஆபாச மெசேஜ் அனுப்பக் கூடாது. குடும்பத்தினர், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. ஏஜென்ட் செய்வதற்கு வங்கிதான் பொறுப்பு. 'அது வெளி ஏஜென்சி, எங்களுக்குத் தெரியாது' என்ற பதில் செல்லாது.

ஆனாலும் இதெல்லாம் நடக்கிறது. ஆபீஸ் ரிசப்ஷனுக்கு போன் வருகிறது, ஊரில் அப்பாவுக்கு போன் வருகிறது. அப்போது சண்டை போடுவதைவிடப் பதிவு செய்வது உதவும். அழைப்பு வந்த நேரம், நம்பர், பேசியவர் பெயர், முடிந்தால் ஆடியோ. முதலில் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்துப்பூர்வப் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் அதன் சி.எம்.எஸ். இணையதளத்தில் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. சந்தேகங்களுக்கு 14448 என்ற எண் இருக்கிறது. நேரில் வந்து மிரட்டினால் உள்ளூர் காவல் நிலையம்.

கடன் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகளில், சில லட்சங்கள்கூட இல்லாத தொகைகளும் இருக்கின்றன. தொகையைவிட அவமான பயம்தான் பல நேரங்களில் அழுத்துகிறது. தூக்கம் போய், வேறு எண்ணங்கள் வரத் தொடங்கினால் 14416 டெலி மானஸ் எண்ணிலும், தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம். பேசுவதற்குக் கட்டணம் இல்லை.

இவ்வளவு வட்டிக்கு வரம்பே இல்லையா?

இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கியின் வரம்புக்குள் வருவது, ஆணையம் அதில் தலையிட முடியாது என்பது அதன் சாரம். ரிசர்வ் வங்கியோ அளவுக்கு மீறிய வட்டி கூடாது என்று பொதுவாகச் சொல்கிறதே தவிர, இத்தனை சதவீதம்தான் என்று எண் போடவில்லை. ஆகவே 42 சதவீதம் சட்டப்படி சரி.

முடித்த பிறகு

பாக்கி பூஜ்யமானதும் கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மறந்துவிடுபவர்கள் உண்டு. அடுத்த வருடம் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய் விழும், கவனிக்காமல் விட்டால் அதற்கு லேட் ஃபீ, அதற்கு வட்டி என்று மறுபடி ஒரு பாக்கி முளைக்கும். வேண்டாத கார்டை முறையாக மூட வேண்டும். ஆப், மெயில், கஸ்டமர் கேர் எதில் வேண்டுமானாலும் கேட்கலாம். பாக்கி எதுவும் இல்லாத நிலையில், கேட்ட 7 வேலை நாட்களுக்குள் வங்கி கணக்கை மூடியாக வேண்டும். தாமதித்தால் மூடும் வரை நாளுக்கு 500 ரூபாய் கார்டுதாரருக்குத் தர வேண்டும். மூட வேண்டாம், சலுகை தருகிறோம் என்று அழைப்பு வரும். கோரிக்கை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கி வைத்துவிட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து கிரெடிட் ரிப்போர்ட்டைத் திறந்து அந்தக் கணக்கு 'க்ளோஸ்டு' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறாக இருந்தால் அந்த கிரெடிட் நிறுவனத்தின் இணையதளத்திலேயே திருத்தக் கோரலாம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு.